புண்ணில் நுரை வந்தால் கிருமி சாகிறதா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61, சர்க்கரை நோய் இல்லை. வண்டியின் கால்மிதி இடித்துக் கணைக்காலில் தோல் உரிந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் இரண்டு வேளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, போவிடோன் அயோடின் தடவி, பவுடர் தூவிக் கட்டுகிறோம். சீழ், காய்ச்சல் இல்லை. புண் சிவப்பாகவே இருக்கிறது, மூடவில்லை. மாலையில் கால் வீங்குகிறது. இதைவிட வீரியமான மருந்து எது?

பதில்: வீரியமான மருந்து வேண்டாம். பெராக்சைடையும் பவுடரையும் இன்றே நிறுத்துங்கள்.

நுரை பொங்குவதைக் கிருமி சாகும் அடையாளம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நம் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைக்கும்போது வரும் ஆக்சிஜன்தான் அது. சுத்தமான புண்ணிலும் அப்படியே பொங்கும். கூடவே, ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் புதுத்தோல் செல்களையும் அது பொசுக்கிவிடும். காலையும் மாலையும் நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பயிர் ஏன் வளரவில்லை என்று கேட்கிறீர்கள். முதல் உலகப் போரிலேயே பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஆழமான குண்டுக் காயங்களில் ஊற்றிய கிருமிநாசினி கிருமியைவிட, கிருமியோடு போராடும் ரத்த வெள்ளணுக்களையே அதிகம் அழிக்கிறது என்று காட்டிவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பாட்டில் வீட்டை விட்டுப் போகவில்லை.

அழுக்குப் பட்ட புதுக் காயத்துக்குப் போவிடோன் அயோடின் ஓரிரு நாள் சரி. சுத்தமாகச் சிவந்து நிற்கும் மூன்று வாரப் புண்ணில் அதற்கு வேலையில்லை. பவுடரோ புண் நீரோடு சேர்ந்து கெட்டித்துக்கொண்டு, அடியில் நடப்பதை மறைத்துவிடும். நியோமைசின் கலந்ததாக இருந்தால் சிலருக்கு ஒவ்வாமையால் சிவந்து அரிக்கும். அதைக் கிருமி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தூவுவார்கள்!

குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரில் கழுவினாலே போதும். சலைனில் (மருத்துவ உப்பு நீரில்) கழுவுவதைவிட இதனால் தொற்று கூடுவதில்லை. பிறகு புண்ணில் ஒட்டாத வாஸலின் காஸ் (வாஸலின் தடவிய வலைத்துணி) வைத்து, ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். காற்றாட விட்டுக் காயவைக்காதீர்கள். ஈரப்பதம் காத்த புண்ணில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக மூடுவதை, 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் செய்த ஆய்வு காட்டியது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மாலை வீக்கம். அசுத்த ரத்தம் காலிலேயே தேங்கினால் எந்த மருந்து தடவியும் புண் மூடாது. அழுத்தக் கட்டுதான் வழி. அதை நீங்களாகக் கட்டக் கூடாது. பாதத்தில் நாடித் துடிப்பையும், கணுக்காலில் ரத்த அழுத்தத்தையும் பார்த்த பிறகே கட்ட வேண்டும். இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. அதைச் செய்யாமல் சீட்டில் 'தினமும் டிரெஸ்ஸிங்' என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறார்கள். எதை வைத்து, எத்தனை நாள், யார் பார்ப்பது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

அடுத்து, புண்ணைப் பஞ்சில் தொட்டுக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்வார்கள். திறந்த புண் எதைத் தொட்டாலும் ஏதாவது கிருமி வளரும். சீழ், பரவும் சிவப்பு, கூடும் வலி, காய்ச்சல் இல்லாதபோது அந்த ரிப்போர்ட்டுக்காக ஆன்டிபயாடிக் விழுங்க வேண்டாம். வீட்டுக்கே வந்து கட்டுப்போடுபவர் 'வெள்ளி கலந்தது, சீக்கிரம் ஆறும்' என்று பெட்டி பெட்டியாகத் தள்ளினால், எதற்கு, எந்தத் தேதியில் நிறுத்துவோம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கமிஷன்தான் காரணம்.

ஒரே விதிவிலக்கு, விலங்குக் கடி. நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். இரண்டு நிமிடம் கழுவிவிட்டுப் பதினைந்து என்று சொல்ல வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். அதன்பின் போவிடோன் அயோடின் தாராளமாக. ரேபிஸ் வைரஸ் நரம்பில் ஏறுவதற்குள் அதைக் கொன்றாக வேண்டும். செல் கொஞ்சம் செத்தாலும் பரவாயில்லை. ரத்தம் வராத கீறலுக்கும், பச்சைப் புண்ணை நாய் நக்கியதற்கும் இதேதான். தடுப்பூசிக்கு அன்றே போங்கள்; கழுவியாயிற்றே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.