போர்க்கப்பல் ஆசை உள்ள பையன் என்ன படிக்கலாம்?

அம்மா, பையன் ராத்திரியெல்லாம் போர்க்கப்பல் வீடியோ பார்க்கிறான், பிளஸ் டூ வேறு வந்துவிட்டது, நேவிக்கே போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருந்தீர்கள். சரி, பக்கத்தில் உட்கார்ந்து என்ன பார்க்கிறான் என்று ஒருநாள் நீங்களும் பாருங்கள். கப்பலைச் சோதித்துப் பார்க்கிற வீடியோ என்றால் அதற்கென்றே படிப்பும் வேலையும் இருக்கிறது.

விமானங்கள் ஏறி இறங்குகிற நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் 2013 ஆகஸ்டில் தண்ணீரில் இறக்கினார்கள், கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பர் 2-ல். 2020 நவம்பரில் கரையில் கட்டிவைத்தபடியே இன்ஜின்களை ஓட்டிப் பார்த்தார்கள், 2021 ஆகஸ்டில்தான் முதல்முறை கடலுக்குப் போனது, அப்புறம் அக்டோபர், ஜனவரி, ஜூலை என்று திரும்பத் திரும்பப் போய்வந்தது. அதன் தளத்தில் முதல் போர் விமானம் இறங்கியது சேர்ந்த பிறகு, 2023 பிப்ரவரியில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாய்வுச் சோதனை. எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே, அந்தத் தூக்குக்குண்டு மாதிரி ஒன்றைக் கப்பலுக்குள் நீளமாகத் தொங்கவிட்டு, ஆட்டம் அடங்க அதை எண்ணெய்த் தொட்டியில் முக்கி, எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று ஸ்கேலில் குறிப்பார்கள். அதை வைத்துத்தான் கப்பலின் ஈர்ப்பு மையம் எங்கே என்று கணக்குப் போடுகிறார்கள், அலையில் சாய்ந்தால் நிமிருமா என்பதும் அதில்தான் தெரியும். பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான் அடிப்படை அம்மா!

இதற்கு நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்பு, படிக்கலாம். சென்னை ஐஐடியில் இருக்கிறது, அதற்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் (குசாட்), விசாகப்பட்டினத்தில் உள்ள இந்திய கடல்சார் பல்கலைக்கழக வளாகத்துக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படித்தவர்களும் கப்பல் கட்டும் தளங்களில் சோதனை வேலைக்குப் போகிறார்கள், சீருடை கட்டாயமில்லை.

சீருடைதான் வேண்டும் என்று அவன் நின்றால், பிளஸ் டூ முடித்ததும் கடற்படையே பி.டெக். படிக்கவைக்கிற வழி இருக்கிறது, கேரளாவில் எழிமலை அகாடமியில். ஜேஇஇ மெயின் ரேங்க், எஸ்எஸ்பி (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற வாரியம்) நேர்முகம், மருத்துவப் பரிசோதனை மூன்றும் தாண்ட வேண்டும். கண்ணாடி போடுகிறான் என்றால் இப்போதே கண் டாக்டரிடம் காட்டி பவரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கடற்படை பி.டெக்.குக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் சேர்த்து 70 சதவீதம் கேட்பார்கள். நீங்கள் பிசிக்ஸ் மார்க் மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள், மற்ற இரண்டையும் அனுப்புங்கள்.