மொழித் தேர்வு, மார்க்கு, ஏஐ: கேட்டதுக்கெல்லாம் பதில்

மொழித் தேர்வுக்கு கேள்வி எழுதுறதும் பேச்சு, எழுத்து விடைக்கு மார்க் போடுறதும்தான் என் பொழப்புன்னு சொன்னது தப்பா போச்சு, கேள்வி குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி வந்ததை சேத்துட்டேன். எந்த கோச்சிங்ல சேரலாம்னு கேட்டவங்க மன்னிக்கணும், அதுக்கு நான் ஆள் இல்ல.

ராத்திரி ஆந்தை: அக்கா, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுல லிசனிங் 6.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் மட்டும் 5. மொத்தமா 6.5 போட்டிருக்காங்க. ஒழுங்கா எழுதவே வராத எனக்கு எப்படி 6.5?

நாலையும் கூட்டினா 25, நாலால வகுத்தா 6.25, கால் வந்தா அரைக்கு ஏத்திடுவாங்க, அவ்ளோதான். சராசரி போட்டாலே பலவீனம் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். இதுக்கு நேர் எதிர் விமானிகளுக்கு வைக்கிற ஆங்கிலத் தேர்வு. ஐசிஏஓ, அதாவது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்போட அளவுகோல்ல உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிஞ்சுக்கிறது, உரையாடுறதுன்னு ஆறு பாப்பாங்க, ஆறுல எது கம்மியோ அதுதான் மொத்த லெவல். அஞ்சுல 5 வாங்கிட்டு உச்சரிப்புல 3 வாங்கினா அந்த ஆள் லெவல் 3தான், சர்வதேச விமானம் ஓட்ட 4 வேணும். ரேடியோல சொன்னது எதிர்ல இருக்கிறவனுக்கு புரியலன்னா சொல்வளத்தை வச்சு என்ன பண்றது? மார்க்கை எதுக்கு பயன்படுத்தப் போறோமோ அதுக்கு ஏத்த மாதிரிதான் கூட்டலும் இருக்கணும், இந்த துறைல பாதி சண்டை இதுக்குத்தான் நடக்குது. நீங்க அப்ளை பண்ற இடத்துல ஒவ்வொரு பிரிவுக்கும் தனியா மினிமம் இருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா அந்த 5 உங்களை வாசல்லயே நிறுத்திடும்.

கோடு வித்தகன்: மேடம், ஏஐ திருத்துற டெஸ்ட்ல பெரிய பெரிய வார்த்தையா போட்டு நீளமா எழுதினா மார்க் கொட்டுமாமே, உண்மையா?

ஒரு காலத்துல நிறையவே உண்மை. கம்ப்யூட்டர் கட்டுரை திருத்துறது புதுசு ஒண்ணும் இல்ல, 1966லயே எல்லிஸ் பேஜ்னு ஒருத்தர் ஆரம்பிச்சுட்டார். அந்த மெஷினுக்கு கட்டுரை புரியாது, நீளம், வார்த்தையோட அளவு மாதிரி எண்ணக்கூடியதை எண்ணி மனுஷன் போட்ட மார்க்கோட ஒத்துப்போகுதான்னு பாக்கும். நல்லா எழுதுறவங்க பொதுவா கொஞ்சம் நீளமாவும் எழுதுறாங்க, அதனால ஒத்தும் போச்சு. அப்புறம் எம்ஐடில இருந்த லெஸ் பெரெல்மன் வந்து, அர்த்தமே இல்லாத கட்டுரையை உருவாக்குற பேபல்னு ஒரு புரோகிராம் பண்ணி அதையே மெஷின்கிட்ட குடுத்தார், நல்ல மார்க் வந்துது! இப்ப இருக்கிற மாடல்கள் எவ்வளவோ தேவலை. மெஷின்கிட்ட எனக்கு பிடிச்சது, நூறாவது பேப்பர்ல அதுக்கு சலிப்பு வராது, எனக்கு வரும். ஆனா வாதம் நிக்குதா, உதாரணம் சொன்ன விஷயத்துக்கு பொருந்துதான்னு பாக்குறதுல அதை இன்னும் முழுசா நம்ப மாட்டேன். பயிற்சிக்கு தாராளமா வச்சுக்கலாம், விசா, அட்மிஷன்னு வாழ்க்கையே மாறுற இடத்துல ஒரு மனுஷனும் படிக்கணும்.

மனப்பாட மன்னன்: ஸ்பீக்கிங்குக்கு டெம்ப்ளேட் உருட்டிட்டு போனா கண்டுபிடிப்பீங்களா?

பெரும்பாலும். "மறக்க முடியாத பயணம்"னு தலைப்பு குடுத்தா மலை, மூடுபனி, சூரிய உதயம்னு தடங்கலே இல்லாம கொட்டுவாங்க, மூச்சு விடுற இடம் கூட ஒத்திகை பாத்தது தெரியும். "சரி, போன வண்டி லேட்டா வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னு ஒண்ணு கேப்பேன். அவ்ளோதான், இதுவரைக்கும் இருந்த இலக்கணம் எல்லாம் காணாம போயிடும், வேற ஆள் பேசுற மாதிரி இருக்கும். அந்த ரெண்டாவது ஆளுக்குத்தான் மார்க் போடணும். தொடர் கேள்வி கேக்காத, ரெக்கார்ட் மட்டும் பண்ற டெஸ்ட்ல இது தப்பிச்சுடும்ங்கிறது நிஜம்தான்.

ஜப்பான் கனவு: ஜப்பான் மொழித் தேர்வு ஜேஎல்பிடில என்2 லெவல் பாஸ், ஆனா வாயைத் தொறந்தா வார்த்தை வரல. என்கிட்ட கோளாறா?

இல்லப்பா. அந்த டெஸ்ட்ல பேசுறதும் கிடையாது எழுதுறதும் கிடையாது, எல்லாம் ஆப்ஷன் பாத்து குறிக்கிறது. டெஸ்ட்ல இல்லாததை யாரும் படிக்கிறதில்ல, சொல்லிக் குடுக்கிறவங்களும் நேரம் ஒதுக்குறதில்ல. பேசுறதுக்கு தனியா பயிற்சி எடுங்க.

புது டீச்சர்: அக்கா, என் கிளாஸுக்கு பத்தி குடுத்து கேள்வி கேக்குறேன், எல்லாரும் ஃபுல் மார்க். கேள்வி ஈஸியா, புள்ளைங்க கெட்டியா?

பத்தியை மறைச்சிட்டு கேள்வியை மட்டும் வேற ஒரு கிளாஸுக்கு குடுத்துப் பாருங்க. நீங்க அனுப்பின பேப்பர்ல மூணாவது கேள்வி, "தேனீக்கள் எதிலிருந்து தேன் சேகரிக்கின்றன? அ) கல் ஆ) மண் இ) பூ ஈ) இரும்பு". இதுக்கு பத்தி எதுக்கு! நாலு ஆப்ஷன்ல கண்ணை மூடிட்டு குத்தினாலே 25 சதவீதம் வரும், அதைவிட ரொம்ப அதிகமா வந்தா அந்த கேள்வி வாசிப்பை சோதிக்கல, பொது அறிவை சோதிக்குது. தப்பான ஆப்ஷன் எல்லாம் அந்த பத்திலயே வர்ற விஷயமா இருக்கணும், அரைகுறையா படிச்சவன் மாட்டுற மாதிரி. இன்னொண்ணு, உங்க சரியான விடை எல்லாமே மத்ததைவிட நீளமா இருக்கு, பசங்க இதை உங்களுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பாங்க.

சும்மா பாத்தவன்: அடாப்டிவ் டெஸ்ட்ல கேள்வி கஷ்டமாகிட்டே போகுது, பயமா இருக்கு.

நீங்க போடுற பதிலைப் பாத்து அடுத்த கேள்வியை மாத்துற டெஸ்ட் அது. சரியா போடுறீங்கன்னு அர்த்தம், சந்தோஷப்படுங்க.

செந்தமிழ்ச் செல்வி: தமிழ் பேச்சுத் தேர்வுல பேச்சுத் தமிழ்ல பதில் சொன்னா மார்க் குறைக்கலாமா?

கடைல விசாரிக்கிற மாதிரி சூழ்நிலை குடுத்துட்டு "எனக்கு வேண்டும்"னு பேசலன்னு மார்க்கை வெட்டினா அது அநியாயம், அப்படி யாரும் பேசுறதில்ல. மேடைப் பேச்சுன்னா வேற கதை. எதை எதிர்பாக்குறோம்னு கேள்வித்தாள்லயே எழுதணும், மார்க் போடுறவங்களும் முன்னாடியே உக்காந்து பேசி ஒத்துப்போகணும், இல்லன்னா ஒருத்தர் 8 போடுவார் இன்னொருத்தர் 4 போடுவார், ரெண்டு பேருக்கும் நியாயம் இருக்கும்.

கட்டுரை திருத்தி: பசங்க வீட்டுக் கட்டுரையை ஏஐகிட்ட எழுதி வாங்கிட்டு வர்றாங்க. கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் வாங்கலாமா?

வாங்காதீங்க. 2023ல ஸ்டான்ஃபோர்ட்ல டோஃபல்ங்கிற ஆங்கிலத் தேர்வுக்கான 91 கட்டுரைகளை, அதாவது ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மனுஷங்க சொந்தமா எழுதினதை, ஏழு டிடெக்டர்ல போட்டுப் பாத்தாங்க. சராசரியா பாதிக்கு மேல ஏஐ எழுதினதுன்னு காட்டுச்சு. எளிமையா, தெரிஞ்ச வார்த்தையா எழுதுறவன்தான் அதுல மாட்டுறான், அதாவது இன்னும் மொழி கத்துக்கிட்டிருக்கிற உங்க புள்ளைங்க. அதுக்கு பதிலா முதல் டிராஃப்டை கிளாஸ்லயே கைல எழுத வைங்க, வீட்டுல திருத்தி வரட்டும், அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு "இந்த பாராவை ஏன் மேல தூக்கினே?"ன்னு கேளுங்க. அவனே எழுதியிருந்தா டக்குன்னு சொல்லுவான்.