முகத்தைப் பார்த்து மருமகனை முடிவு செய்யலாமா?

கேள்வி: என் மகள் தன்னுடன் பணிபுரியும் ஒருவரை மணக்க விரும்புகிறாள். அவரை வீட்டுக்கு அழைத்து ஒரு மாலைப்பொழுது பேசிக்கொண்டிருந்தோம். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால், சாமுத்திரிகா லட்சண நூல்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவரும் என் அண்ணன், கூட்டுப் புருவமும் மெல்லிய உதடும் உள்ளவர் நம்பத்தகாதவர் என்றும், கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்றும் அடித்துச் சொல்கிறார். எனக்கும் அவரைப் பார்த்த மாத்திரத்தில் ஏதோ நெருடியது. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நாங்கள் அநியாயம் செய்வதாகக் கூறி மகள் என்னுடன் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். நான் எதை நம்புவது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புருவம் சேர்ந்திருப்பதும் உதடு மெலிந்திருப்பதும் ஒருவருடைய நேர்மைக்கோ நேர்மையின்மைக்கோ சான்றாகாது. அந்த ஒரு காரணத்துக்காக இந்த இளைஞரை மறுப்பது அவருக்கும் உங்கள் மகளுக்கும் செய்யும் அநீதி. அதே சமயம், உங்கள் மனத்தில் எழுந்த நெருடலை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒரு தாயின் கவலை அதில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர்கள் எதைப் பற்றிச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். திருக்குறளின் 'குறிப்பறிதல்' அதிகாரம் முகத்தைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. நெஞ்சில் மிகுந்து எழுவதை முகம் காட்டிவிடும், மகிழ்ந்தாலும் சினந்தாலும் முகமே முந்திக்கொள்ளும் என்கிறது. அங்கே பேசப்படுவது அந்தந்த நேரத்தில் மனத்தில் எழுந்து அடங்கும் உணர்ச்சி. சினம் வந்தால் புருவம் நெரிகிறது, அச்சம் வந்தால் கண் விரிகிறது, வருத்தத்தில் வாயின் ஓரங்கள் தாழ்கின்றன. இவை தசைகளின் அசைவுகள், சற்று நேரத்தில் மறைந்துவிடுபவை. புருவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் உதடு எவ்வளவு தடிமன் என்பதும் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்த உடலமைப்பு. உணர்ச்சியைக் காட்டும் முகத்திலிருந்து குணத்தையும் படித்துவிடலாம் என்று நாம் ஒரு படி தாண்டிவிடுகிறோம். தவறு நேர்வது அந்தத் தாண்டலில்தான்.

உங்கள் அண்ணன் நம்புவதை உலகின் பல பகுதிகளில் கற்றறிந்தவர்களும் நம்பியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான் காஸ்பர் லவாட்டர் என்ற பாதிரியார், 1775 முதல் 1778 வரை, முக அமைப்பிலிருந்து குணத்தை அறிவது குறித்து நான்கு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அவற்றுக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. அவருடைய கருத்துகளில் ஊறிய கப்பல் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1831ஆம் ஆண்டு 'பீகிள்' கப்பலில் தம்முடன் வர முன்வந்த ஓர் இளைஞரின் மூக்கைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். இப்படிப்பட்ட மூக்கு உடையவருக்கு நீண்ட பயணத்துக்குத் தேவையான ஊக்கமும் மனவுறுதியும் இருக்குமா என்பது அவருடைய ஐயம். அந்த இளைஞர் சார்லஸ் டார்வின். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்த அந்தப் பயணத்தை அவர் முழுமையாக முடித்ததோடு, அதில் திரட்டியவற்றை அடித்தளமாகக் கொண்டு உயிரினங்களைப் பற்றிய மனிதகுலத்தின் பார்வையையே மாற்றினார். தம் மூக்கு பொய் சொல்லிவிட்டது என்று ஃபிட்ஸ்ராய் பின்னர் உணர்ந்திருப்பார் எனத் தன்வரலாற்றில் டார்வின் எழுதியிருக்கிறார். அன்று அந்த மூக்குக்காக அவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால், அது தவறான முடிவு என்று ஃபிட்ஸ்ராய்க்குத் தெரியவே வந்திருக்காது. முகத்தைப் பார்த்து மறுப்பவர்களுக்குத் தங்கள் கணிப்பு பிழைத்தது பெரும்பாலும் தெரிவதேயில்லை. அதனால்தான் இந்த நம்பிக்கை இத்தனை காலம் அழியாமல் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இதைவிடக் கொடிய பக்கமும் இதற்கு உண்டு. இத்தாலிய மருத்துவர் செசாரே லோம்ப்ரோசோ, பிறவியிலேயே குற்றவாளியாகப் பிறப்பவர்கள் உண்டு, தாடை, நெற்றி, காது ஆகியவற்றின் அமைப்பால் அவர்களை அடையாளம் காணலாம் என்று 1876ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதிட்டார். இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவர்கள், படைவீரர்கள் போன்ற பிறரோடு ஒப்பிட்டு, லோம்ப்ரோசோ சொன்ன அப்படியொரு குற்றவாளி வகை கிடையாது என்று 1913இல் எழுதினார். ஆனால் அதற்குள், காதின் வடிவத்துக்காகவும் தாடையின் அகலத்துக்காகவும் சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இனி உங்கள் நெருடலுக்கு வருகிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர்களின் முகப்படங்கள் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டப்பட்டன. அதற்குள்ளாகவே பார்த்தவர்கள், இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று ஒரு கருத்துக்கு வந்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது அவர்களுடைய தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. அந்தத் தீர்ப்பின் மீதான உறுதிதான் கூடியது. இந்த ஆய்வைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பார்த்த மாத்திரத்தில் தோன்றுவது மனித மனத்தின் இயல்பு என்பதால், அப்படித் தோன்றியதற்காக நீங்கள் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது அத்தனை விரைவாகவும் அத்தனை உறுதியாகவும் வருவது, அது உண்மை என்பதற்கான அத்தாட்சி ஆகாது.

உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒரே மாதிரித் தோன்றியதே என்று நீங்கள் கேட்கலாம். இத்தகைய விஷயங்களில் பலருக்கும் ஒரே மாதிரித் தோன்றுவது வழக்கம்தான். நாம் சினத்தையும் மகிழ்ச்சியையும் படிக்கப் பழகிய கண்களோடு, எந்த உணர்ச்சியும் இல்லாமல் சும்மா இருக்கும் முகத்தையும் படிக்கிறோம். புருவங்கள் தாழ்ந்து நெருங்கியிருந்தால், அந்த அமைப்பு சினத்தின் சாயலை ஒத்திருப்பதால், அவர் கடுமையானவர் என்று தோன்றுகிறது. வாயின் ஓரங்கள் இயல்பாகவே மேல்நோக்கி இருந்தால் இனியவர் என்று தோன்றுகிறது. பெரிய கண்களும் உருண்டை முகமும் குழந்தையை நினைவூட்டுவதால், அப்படிப்பட்டவரைக் கள்ளமற்றவராகக் கொள்கிறோம். எல்லோரும் ஒரே சாயலைக் கண்டு ஏமாறும்போது எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். அழகான முகத்தின் மேல் நாம் வைக்கும் அளவுகடந்த நம்பிக்கையும் இதன் மறுபக்கமே. மோசடி செய்பவர்கள் பலரும் பழகுவதற்கு இனிய தோற்றம் உடையவர்களாக இருந்ததால்தான் அவர்களால் மோசடி செய்ய முடிந்தது என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்ற குறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொய் சொல்பவர் பார்வையைத் தவிர்ப்பார் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் ஒருவரின் தோற்றத்தையும் பேச்சையும் மட்டும் வைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் மிகவும் பலவீனமானவர்கள். இது குறித்து நடந்த நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஆய்வின்படி, சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 முறை சரியாக இருக்கும். கூச்சம், பதற்றம், பெரியவர்கள் முன் தோன்றும் மரியாதை எனப் பார்வை தாழ்வதற்குக் காரணங்கள் பல உண்டு. தாம் விரும்பும் பெண்ணின் தாயும் மாமாவும் தம்மை எடைபோடுவதற்காகவே எதிரே அமர்ந்திருக்கும்போது, ஓர் இளைஞர் இயல்பாக இருப்பார் என்று எதிர்பார்ப்பதே கடினம். நீங்கள் இறுக்கமாக இருந்தால் அவரும் இறுகுவார். அந்த இறுக்கத்தையே அவருடைய குணத்துக்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

ஆகவே, அவரை மீண்டும் சந்தியுங்கள், ஆனால் விசாரணைபோல் அல்லாமல். ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்படியான சந்தர்ப்பமாக இருந்தால் நல்லது. திட்டமிட்டது நடக்காமல் போகும்போது யார்மேல் பழி போடுகிறார், தமக்கு எந்த ஆதாயமும் இல்லாத மனிதர்களிடம் எப்படிப் பேசுகிறார், உங்கள் மகள் மறுத்துப் பேசினால் அதை எப்படி ஏற்கிறார், சிறு வாக்குறுதியைக்கூட நினைவில் வைத்துக் காப்பாற்றுகிறாரா என்பவற்றைப் பாருங்கள். கடன், வேலை, குடும்பப் பொறுப்புகள் போன்ற திருமணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை, மகளுக்குத் தெரிந்தே, அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு அவர் மழுப்பினாலோ, சொன்னது ஒன்றும் உண்மை வேறொன்றுமாக இருந்தாலோ, அப்போது கவலைப்படுங்கள். அந்தக் கவலைக்கு நான் முழுத் துணை நிற்பேன். மகள் மேல் அவர் குரலை உயர்த்துவது, அவள் யாருடன் பேசலாம் என்று அவர் தீர்மானிப்பது போன்றவை தெரியவந்தால், எத்தனை களையான முகமாக இருந்தாலும் தயங்காமல் எச்சரியுங்கள்.

அண்ணனுடன் வாதிட்டு வெல்ல வேண்டியதில்லை. அவருடைய அக்கறைக்கு நன்றி சொல்லுங்கள். இந்த இளைஞர் செய்த தவறு என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் உடனே சொல்லும்படியும், புருவத்தைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூத்தவராக இருந்தாலும், இந்த வேண்டுகோளை அவரிடம் வைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்பாக மகளிடம் பேச வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய முகத்தை வைத்து முடிவு செய்யப்போவதில்லை என்று அவளுக்கு உறுதி கூறுங்கள். பிறகு, அவரிடம் எதைக் கண்டு இவரோடு வாழலாம் என்று முடிவு செய்தாள் என்று கேட்டு, குறுக்கிடாமல் முழுவதையும் கேளுங்கள். நீங்கள் ஒரு மாலைதான் பார்த்தீர்கள். அவள் அவரோடு அன்றாடம் வேலை செய்கிறாள், அவர் களைத்தும் சலித்தும் இருந்த நாள்களையும் பார்த்திருப்பாள். அடுத்த சந்திப்பை எங்கே, எப்போது வைத்துக்கொள்ளலாம் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.