மெய்நிகர் கருவிகளால் பரிவை வளர்க்க முடியுமா?

தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் அடுத்தவர் வலி புரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு புரியும். ஆனால் எந்த வலி என்பதைப் பொறுத்தது.

எனக்கு மிகவும் பிடித்த முயற்சி பி அனதர் லேப் குழுவினருடையது. இருவர் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி அணிவார்கள். ஒருவரது கேமரா காண்பது மற்றவர் கண்ணுக்குப் போகும். இருவரும் மெதுவாக, ஒரே மாதிரி கையை அசைக்க வேண்டும். குனிந்தால் தெரிவது அடுத்தவர் கை, அசைவோ நம்முடையது. கண்ணும் உடலும் ஒத்துப்போவதால் மூளை அந்தக் கையைத் தன்னுடையதாகவே ஏற்கத் தொடங்குகிறது. ஒருவர் அவசரப்பட்டாலும் அந்த உணர்வு கலைந்துவிடும். அதனால் எதிரில் இருப்பவரைக் கவனித்தே ஆக வேண்டும். பரிவு அங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

அணியும் உடைகளும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முதுமையை ஆராயும் ஏஜ்லேப் உருவாக்கிய ஆக்னெஸ் உடை, மூட்டுகளை இறுக்கி, பார்வையை மங்கலாக்கி முதுமையை உணர்த்தும். பொருட்களை வடிவமைப்பவர்களுக்கு நல்ல பாடம்.

சரி, பலன் உண்டா? 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், வீடிழந்தவரின் நிலையை விஆரில் அனுபவித்தவர்கள், அதையே கதையாகப் படித்தவர்களைவிட அதிகமாக, வீட்டு வசதி கோரும் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் புரிவது, பார்வை போன முதல் நொடியின் பயம் மட்டுமே. பல வருடங்களாகத் திறமையாக வாழ்பவரின் வாழ்க்கை அதில் தெரியாது. வெறும் இரக்கம்தான் மிஞ்சும். அதனால் கருவியைக் கழற்றியதும், அப்படி வாழ்பவரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள்.