மூன்று யோகா வகுப்புகள் – கடிதம்

வணக்கம் சார்,

கிருஷ்ணகிரியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துவதால் இடுப்பு வலி. பயப்பட ஒன்றுமில்லை, யோகா செய்யுங்கள் என்றார் டாக்டர். பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குனிந்தால் கை முழங்காலைத் தாண்டுவதில்லை. பக்கத்தில் மூன்று வகுப்புகள் நடக்கின்றன: வின்யாசா ஃப்ளோ, அய்யங்கார் முறை, மனவளக்கலை. தோழிகள் ஃப்ளோவுக்குப் போகிறார்கள். நான் எதில் சேரட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

முதல் நான்கு மாதம் அய்யங்கார் முறைக்குப் போங்கள்.

அஷ்டாங்க வின்யாசம் என்ற யோகா முறையைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ், அய்யங்கார் முறையைத் தந்த பி.கே.எஸ். அய்யங்கார் இருவருமே மைசூரில் யோகா குரு கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்தவர்கள். ஆசனங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், அதற்குள் எப்படிப் போகிறோம் என்பதில்தான் வித்தியாசம். மூச்சோடு சேர்த்து ஆசனங்களை நிறுத்தாமல் அடுத்தடுத்துச் செய்யும் ஃப்ளோ, ஜோயிஸ் வழியிலிருந்து கிளைத்தது. வரிசை மட்டும் மாஸ்டருக்கு மாஸ்டர் மாறும்.

காலை நீட்டி உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனத்தையே பாருங்கள். உங்களுக்குத் தொடையின் பின்தசை இறுகியிருக்கிறது. அதன் மேல்முனை உட்காரும் எலும்பில் பிடித்திருப்பதால் இடுப்பெலும்பு முன்னால் சாயாமல் பின்னால் சரிகிறது. குனிகிற வேலை மொத்தமும் கீழ்முதுகின் தலையில் விழுகிறது. ஃப்ளோவில் ஐந்து மூச்சு முடிந்ததும் அடுத்த ஆசனம் வந்துவிடும். இதைச் சரிசெய்ய நேரமிருக்காது. அய்யங்கார் வகுப்பில் இரண்டு போர்வையை மடித்து அதன் விளிம்பில் உட்கார வைப்பார்கள். பாதத்தைச் சுற்றி ஒரு பெல்ட் (வீட்டில் துண்டு போதும்). முதுகு நீண்டபடியே ஒரு நிமிடம் இருக்கலாம். தலை முழங்காலைத் தொட வேண்டியதே இல்லை.

ஃப்ளோவில் அடுத்த சிக்கல் சதுரங்க தண்டாசனம், நம்ம ஊர் தண்டாலின் பாதி. ஒரு மணி நேரத்தில் இருபது தடவைகூட வரும். கையில் வலு இல்லாதவர்கள் இறங்கும்போது தோள் முழங்கைக்குக் கீழே போய்விடும், இடுப்பு தொய்யும். சில வாரத்தில் தோளின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். முழங்காலை ஊன்றிச் செய்யச் சொல்கிற மாஸ்டர் என்றால் நம்பலாம். ‘போகப் போகப் பழகிடும்’ என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பி.பி. இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தலைகீழ் ஆசனம், மூச்சை அடக்கும் கும்பகம், வேகமாக மூச்சுவிடும் பஸ்திரிகா, கபாலபதி எல்லாம் உங்களுக்கு வேண்டாம். மனவளக்கலையின் எளியமுறை உடற்பயிற்சியில் கபாலபதி ஒரு பகுதி. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம், மூட்டுகளுக்கு நல்லது. ஆனால் உங்கள் தொடை இறுக்கத்துக்கு அது போதாது என்பது என் கணிப்பு. யாராவது சிவானந்தர் முறை என்று அழைத்தால் கவனம்: அதன் பன்னிரண்டு ஆசன வரிசை, தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில்தான் தொடங்கும்.

பெயர்ப் பலகையில் அய்யங்கார் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளே போனதும் பெல்ட், மரக்கட்டை, நாற்காலி, போர்வை இருக்கிறதா பாருங்கள். மாஸ்டர் முன்னால் நின்று தானே செய்துகாட்டிக்கொண்டிருக்கிறாரா, நடந்து வந்து உங்கள் முழங்காலைப் பார்க்கிறாரா என்பது அதைவிட முக்கியம். ஒருவருக்கு முப்பது பேர் என்றால் எந்த முறையாக இருந்தும் பயனில்லை. கடைசியில் சவாசனத்துக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும்; நேரமாகிவிட்டது என்று அதை வெட்டுகிற வகுப்புகள் நிறைய.

முதல் மாதம் சலிப்பாக இருக்கும். நிற்கும் ஆசனங்களாகவே போகும், வியர்க்காது, தோழிகள் கிண்டல் செய்வார்கள்.

வகுப்பறையிலேயே ஒன்று செய்யலாம். சுவரில் இடுப்பு உயரத்தில் இரு கைகளையும் ஊன்றிப் பின்னால் நடங்கள். உடம்பு தலைகீழான ‘ட’ மாதிரி ஆனதும் எட்டு மூச்சு. முதுகு வளைந்தால் கையை இன்னும் மேலே வையுங்கள்.

மாலை வகுப்பென்றால் மதியச் சாப்பாட்டுக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் விடுங்கள், களி சாப்பிட்ட அன்று கட்டாயமாக. மார்கழிக் காலையில் உடம்பு விறைத்திருக்கும். விரிப்புக்குக் கீழே ஜமக்காளம் போட்டு, கூடுதலாகப் பத்து நிமிடம் கைகால்களை அசைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

குனியும்போது கை கணுக்கால் வரை போய், முழங்கால் ஊன்றிய சதுரங்கம் தோள் தொய்யாமல் ஐந்து தடவை வந்துவிட்டால், தோழிகளோடு ஃப்ளோவுக்குப் போங்கள். நடுவில் எப்போதாவது வலி புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ வகுப்பை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.