கணினித் தாயத்தில் பன்னிரண்டு ஏன் இத்தனை முறை விழுகிறது?

கேள்வி: நான் திருகோணமலை, உப்புவெளியில் வசிக்கிறேன். அலுவலக வேலை முடிந்த பின்னர் ஓய்வு நேரத்தில் பைதன் நிரலாக்கத்தைச் சொந்தமாகப் படித்து வருகிறேன். பித்தளைத் தாயக்கட்டை இரண்டை உருட்டி வீட்டில் ஆடும் தாய விளையாட்டைக் கணினியில் எழுதியிருக்கிறேன். அம்மம்மா இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, "பன்னிரண்டு மழை மாதிரிக் கொட்டுது, கொம்பியூட்டர் அளாப்புது" என்று எழுந்துவிட்டார். வீட்டில் ஒரு மணித்தியாலம் ஓடும் ஆட்டம் கணினியில் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது என்பதும் உண்மை. கணினி தரும் எழுமாற்று எண்களை நம்பலாமா? சோகி போட்டு ஆடும் முறையையும் சேர்க்க முடியுமா? திரையில் தமிழ் எழுத்துகள் பிரிந்து தெரிவதற்கு என்ன செய்வது? நிரலை இத்துடன் இணைத்துள்ளேன்.

பதில்: அம்மம்மா சொன்னதில் பிழையில்லை, அளாப்பியது மட்டும் கணினியல்ல. உங்கள் நிரலில் உருட்டலைச் செய்யும் வரி ஒன்றே ஒன்றுதான். 1, 2, 3, 4, 5, 6, 12 என்ற ஏழு எண்களை ஒரு பட்டியலில் இட்டு, ராண்டம் தொகுதியின் சொய்ஸ் சார்பினால் அவற்றில் ஒன்றை எடுக்கிறீர்கள். அந்தச் சார்பு தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது; ஏழுக்கும் சம வாய்ப்புக் கொடுக்கிறது. தாயக்கட்டைகள் அப்படிச் சம வாய்ப்புக் கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளப்பக்கங்கள் நான்கு, ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளும் சேர்ந்து 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை மூன்று வருவதற்கு நான்கு வழிகள் உள்ளன: வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும், இவ்விரண்டும் கட்டை மாறி விழுவது. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள், தாயத்துக்கும் (அதாவது ஒன்றுக்கும்) ஐந்துக்கும் இரண்டிரண்டு வழிகள், ஆறுக்கு ஒரே வழி. இரண்டு கட்டையிலும் வெறுமை விழுந்தால் மட்டுமே பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழிதான். ஆகவே பன்னிரண்டின் நிகழ்தகவு பதினாறில் ஒன்று, அதாவது 6.25 சதவீதம். உங்கள் நிரலில் அது ஏழில் ஒன்று, 14.3 சதவீதம். அம்மம்மாவின் கண்ணுக்கு அது மழையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

விளைவு அதோடு நிற்கவில்லை. உங்கள் வீட்டு விதிப்படி 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். உண்மையான கட்டையில் இந்த நான்கும் சேர்ந்து 16இல் 6. உங்கள் நிரலில் 7இல் 4. ஒரு முறைக்குச் சராசரியாக 1.6 தடவை உருட்ட வேண்டிய ஆட்டக்காரர் 2.33 தடவை உருட்டுகிறார். ஓர் உருட்டலின் சராசரிப் பெறுமானமும் 3.75இலிருந்து 4.71 ஆக உயர்ந்திருக்கிறது. இரண்டையும் பெருக்கினால், ஒரு முறையில் சராசரியாக 6 கட்டம் நகர வேண்டிய காய் உங்கள் கணினியில் 11 கட்டம் நகர்கிறது என்று வரும். ஆட்டம் பாதி நேரத்தில் முடிவது இதனால்தான். தாயம் விழும் வாய்ப்பு மட்டும் எட்டில் ஒன்றுக்குப் பதிலாக ஏழில் ஒன்று. வேறுபாடு மிகச் சிறியது. காய் இறங்குவது வழக்கம்போலவே இருந்ததால் பிழை உங்கள் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும்.

திருத்தம் மிக எளிது. கூட்டுத்தொகையைக் கணினியிடம் கேட்காமல் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே உருட்டச் சொல்லுங்கள். 0 முதல் 3 வரையான முழு எண்ணை ராண்டின்ட் சார்பினால் இரண்டு தடவை பெற்றுக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பூச்சியமானால் 12 என்று திருப்பியனுப்புங்கள். பைதனில் ராண்டின்ட் இரு எல்லைகளையும் உள்ளடக்கும், ராண்ட்ரேஞ்ச் மேல் எல்லையை விட்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம். பின்னர் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறினால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன். அங்கே கிடைப்பது 0க்கும் 1க்கும் இடைப்பட்ட பின்னம். அதை மூன்றால் பெருக்கி அண்மித்த முழு எண்ணுக்கு மட்டந்தட்டினேன். அப்படிச் செய்தால் 0.5க்குக் கீழ்ப்பட்டவை மட்டும் பூச்சியமாகும், 0.5 முதல் 1.5 வரையானவை எல்லாம் ஒன்றாகும். எனவே வெறுமைக்கும் மூன்றுக்கும் மற்ற இரண்டின் பாதி வாய்ப்பே கிடைக்கும். பன்னிரண்டு 36இல் ஒரு தடவைதான் விழும். என் ஆட்டத்தில் பன்னிரண்டே இல்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் முறையிட்ட பிறகுதான் நான் தாளும் பேனையும் எடுத்தேன். நான்கால் பெருக்கி, தசமப் பகுதியை வெட்டி எறிவதே சரியான முறை.

இனி எழுமாற்று எண்களின் நம்பகத்தன்மைக்கு வருவோம். பைதனின் ராண்டம் தொகுதிக்குள் இயங்குவது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணிப்புமுறை. ஜப்பானியக் கணிதவியலாளர்களான மக்கொட்டோ மட்சுமோட்டோவும் தக்குஜி நிஷிமுராவும் உருவாக்கி 1998இல் வெளியிட்டது. இரண்டின் 19,937ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த அளவு எண்களைத் தந்த பிறகே அதன் தொடர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உங்கள் வீட்டில் எத்தனை தலைமுறை உட்கார்ந்து ஆடினாலும் அது நேராது. ஆனாலும் அது சூத்திரத்தால் பிறக்கும் எண்தான். அது தந்த 32 இருமங்கள் (பிட்கள்) கொண்ட எண்கள் 624ஐத் தொடர்ச்சியாகப் பார்த்தவரால் அடுத்தவற்றை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். அதனால் கடவுச்சொல் உருவாக்கவோ பணம் புழங்கும் ஆட்டத்துக்கோ அது உதவாது. அதற்கென பைதனில் சீக்ரெட்ஸ் என்ற தனித் தொகுதி உண்டு. திண்ணைத் தாயத்துக்கு ராண்டம் தாராளமாகப் போதும்.

அந்தத் தொடர் தொடங்கும் எண்ணை வித்து என்பார்கள். ஒரே வித்தைக் கொடுத்தால் அதே உருட்டல்கள் அதே வரிசையில் வரும். பிழை தேடும்போது இது பெரும் வசதி: ஏதோ ஓர் உருட்டலில் காய் தவறான கட்டத்துக்குப் போனால், அதே வித்துடன் அதே ஆட்டத்தை வேண்டிய மட்டும் திரும்ப ஆடிப் பார்க்கலாம். ஆட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்னர் அந்த வரியை நீக்கிவிடுங்கள். உங்கள் நிரலில் வேறொரு வழக்கத்தையும் கண்டேன்: ஒவ்வோர் உருட்டலுக்கும் முன்னால் அப்போதைய நேரத்தை முழு விநாடியாக்கி வித்தாகக் கொடுக்கிறீர்கள். எழுமாறு கூடும் என்று நினைத்திருப்பீர்கள், நடப்பது நேர்மாறு. ஒரே விநாடிக்குள் இரண்டு தடவை பொத்தானை அழுத்தினால் இரண்டு தடவையும் ஒரே எண்ணே விழும். விரல் வேகமான ஒரு பிள்ளை அதை ஒரே மாலையில் கண்டுபிடித்து, பன்னிரண்டு விழுந்தவுடன் மறுபடி அழுத்தப் பழகிவிடும். வித்தே கொடுக்காமல் விட்டால் பைதன் இயங்குதளத்திடமிருந்து தானே நல்ல வித்தைப் பெற்றுக்கொள்ளும்.

திருத்திய பின்னர் எண்ணிப் பாருங்கள். உருட்டும் சார்பை மட்டும் 16,000 தடவை இயக்கி, ஒவ்வோர் எண்ணும் எத்தனை தடவை விழுந்தது என்று அச்சிடுங்கள். பழைய மடிக்கணினியும் இதைக் கண்மூடித் திறக்குமுன் முடித்துவிடும். பன்னிரண்டு ஏறத்தாழ 1,000, தாயம் 2,000, இரண்டு 3,000, மூன்று 4,000, நான்கு 3,000, ஐந்து 2,000, ஆறு 1,000 என்று வர வேண்டும். சரியாக 1,000 வராது, வரவும் கூடாது. பன்னிரண்டின் எண்ணிக்கை 940க்கும் 1,060க்கும் இடையில் இருந்தால் கவலை வேண்டாம். இருபது தடவை சோதித்தால் ஏறக்குறைய ஒரு தடவை அந்த எல்லையையும் தாண்டும். இதையே இன்னும் திருத்தமாகச் செய்யும் கைவர்க்கச் சோதனையைப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900இல் வெளியிட்டபோது, அவர் ஆராய்ந்த தரவுகளில் ஒன்று தாயக்கட்டை உருட்டியதுதான். வெல்டன் என்ற விலங்கியலாளர் ஆறு முகக் கட்டைகள் 12ஐ ஒன்றாக 26,306 தடவை உருட்டிக் குறித்து வைத்திருந்தார். ஐந்தும் ஆறும் சற்றுக் கூடுதலாக விழுந்திருந்தன. அதாவது பாடப்புத்தகம் சொல்லும் கோடாத கட்டை, எல்லா முகத்துக்கும் சம வாய்ப்புத் தரும் கட்டை, அவருடைய கையில்கூட இருக்கவில்லை.

கோடாமை பற்றிய இந்தச் செய்தி சோகிக்கு வரும்போதுதான் உண்மையில் முக்கியமாகிறது. ஆறு சோகியை எறிந்து, வாய் மேலே பார்ப்பவற்றை எண்ணுகிறோம். ஒன்றுமே மேலே பார்க்காவிட்டால் பன்னிரண்டு. வாயும் முதுகும் சம வாய்ப்புடன் விழும் என்று கொண்டால் தாயம் 9.4 சதவீதம், பன்னிரண்டு வெறும் 1.6 சதவீதம். ஆனால் சோகி நாணயமல்ல. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூனல்; எந்தப் பக்கம் கூடுதலாக விழும் என்பது அந்தச் சோகியையும் எறியும் தரையையும் பொறுத்தது. உங்கள் சோகிகள் நூற்றுக்கு நாற்பது தடவைதான் வாய் மேலாக விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தாயம் 18.7 சதவீதமாக இரட்டிக்கும், பன்னிரண்டு 4.7 சதவீதமாக மூன்று மடங்காகும். சிறு கோணல் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது.

ஆகவே சோகிக்கு ஐம்பது சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். வீட்டில் இருக்கும் ஆறு சோகியையும் வழக்கமாக ஆடும் தரையில் நூறு தடவை எறிந்து, வாய் மேலே விழுந்தவற்றின் மொத்தத்தைக் குறியுங்கள். 600 பதிவுகள் கிடைக்கும். அந்த மொத்தத்தை 600ஆல் வகுத்தால் வரும் பின்னம், ஏறத்தாழ நான்கு சதவீதம் முன்பின்னாக, உங்கள் சோகியின் குணம். நிரலில் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணை ஆறு தடவை பெற்று, அந்தப் பின்னத்தைவிடக் குறைந்தவற்றை மட்டும் எண்ணினால் உங்கள் வீட்டுச் சோகியே கணினிக்குள் வந்துவிடும். சோகி இல்லையென்றால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள புறாத் தீவு தேசியப் பூங்கா என்பதால் அங்கிருந்து எதையும் பொறுக்கிவரக் கூடாது.

பலகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் வெளிச்சுற்று 16, உட்சுற்று 8, நடுக்கட்டம் 1. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவருடைய பாதையை 25 கட்டங்களின் பட்டியலாகத் தனித்தனியே எழுதிவிட்டால், காயை நகர்த்துவது வெறும் கூட்டலாகிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் நாற்பது நிபந்தனைக் கூற்றுகளில் பெரும்பாலானவை தேவைப்படா. வெட்டினால் மறு உருட்டல் உண்டா, வெட்டாமல் உட்சுற்றுக்குள் போகலாமா என்பவை வீட்டுக்கு வீடு மாறுவதால், அவற்றை நிரலின் நடுவே புதைக்காமல் தொடக்கத்திலேயே மாறிகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பிரச்சினைக்குக் காரணம் நீங்கள் அல்ல. பைதனில் ஆட்டங்கள் எழுத உதவும் பைகேம் தொகுதி எழுத்துகளை வரையும்போது, அதன் நிறுவலைப் பொறுத்து, ஒவ்வொரு குறியையும் சேமித்த வரிசையிலேயே வைத்துவிடுவதுண்டு. "வெட்டு" என்ற சொல்லில் வகரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்பது அதனால்தான். "தாயம்" ஒழுங்காகத் தெரிவதையும் கவனித்திருப்பீர்கள். அதில் கொம்பு இல்லை. உங்கள் ஆட்டத்துக்குத் தேவையான சொற்கள் இருபதைத் தாண்டாது; அவற்றை வேறு மென்பொருளில் எழுதிப் படங்களாகச் சேமித்துப் பயன்படுத்துவதே குறுக்குவழி. முகப்பு முழுவதும் தமிழில் வேண்டுமென்றால் உலாவியில் இயங்கும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதுங்கள். உலாவிகள் தமிழைச் சரியாகவே வரையும்.

கடைசியாக ஒரு வசதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உருட்டுவது இப்போது தனிச் சார்பாகிவிட்டதால், அதற்குப் பதிலாக விசைப்பலகையில் எண்ணை வாங்கும் இன்னொரு சார்பை எழுதப் பத்து நிமிடம் போதும். அம்மம்மா பித்தளைக் கட்டையைத் தன் கையாலேயே உருட்டட்டும். விழுந்ததை நீங்கள் தட்டுங்கள். காயைக் கணினி நகர்த்தட்டும். அப்போதும் அவர் அளாப்புகிறது என்றால், பிழை விதிகளை எழுதிய பகுதியில் இருக்கிறது. அதை அங்கே தேடுங்கள்.