லினோகட் அச்சு: வெள்ளைப் புள்ளி இருந்தால் போலியா?

கேள்வி: இணையத்தில் ஒரு லினோகட் படம் வாங்கினேன். ‘கையால் செய்த காகிதத்தில் கையால் அச்சிட்டது’ என்று போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே பென்சிலில் 12/50 என்று எழுதிக் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் கறுப்பு மைக்கு நடுவே அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். விளம்பரத்தில் பார்த்த படத்தில் அவை இல்லை. திருப்பி அனுப்பலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளாலான பலகையில் படத்தைச் செதுக்கி, மேடாக நிற்கும் இடங்களில் உருளையால் மை ஏற்றி, மேலே காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுப்பதுதான் லினோகட். கையால் செய்த காகிதம் சொரசொரப்பானது. பள்ளமான இடத்துக்கு மை எட்டாது. அதுதான் அந்த வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாக மை தடவுவதால் ஒன்றைப் போல இன்னொன்று வராது. நீங்கள் விளம்பரத்தில் பார்த்தது வேறொரு பிரதியாக இருக்கலாம்.

சந்தேகம் தீர ஒரு பூதக்கண்ணாடி போதும். கறுப்போ சாம்பலோ உள்ள இடத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது கணினியில் எடுத்த நகல். உண்மையான லினோகட்டில் ஒரு நிறம் ஒரே பூச்சாக இருக்கும். செதுக்கிய கோட்டின் விளிம்பில் மை கொஞ்சம் ஒதுங்கித் தடித்திருப்பதையும் பார்க்கலாம். காகிதத்தின் பிசிறான ஓரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள், சாதாரணத் தாளையும் அப்படிக் கிழித்துவிடலாம். கையெழுத்தும் அப்படித்தான், நகலிலும் போடலாம்.

12/50 என்றால் மொத்தம் ஐம்பது பிரதிகள், உங்களுடையது பன்னிரண்டாம் எண். ஐம்பதோடு நிறுத்தினார்களா என்பது விற்பவரின் சொல்தான். ஒரே பலகையை ஒவ்வொரு நிறத்துக்கும் மேலும் மேலும் செதுக்கிக்கொண்டே போகும் முறை ஒன்று உண்டு. பிக்காசோவும் அப்படிச் செய்திருக்கிறார். அந்த முறையில் முந்தைய நிறத்தின் பலகை அழிந்துவிடுவதால் மறுபடி அச்சிட வழியே இல்லை. உங்கள் படம் பல நிறமென்றால் எந்த முறை என்று கேட்டுப் பாருங்கள்.

எதற்குத் திருப்பி அனுப்பலாம்? தொட்டால் மை விரலில் ஒட்டுகிறதா? எண்ணெய் மை காயப் பல நாட்கள் பிடிக்கும். காயாமல் பொட்டலம் கட்டியது விற்பவரின் தவறு. காகிதம் மடிந்திருந்தாலும் கேளுங்கள். கணினி நகல் என்று தெரிந்தால் பூதக்கண்ணாடி வழியாகப் படமெடுத்து அனுப்பி, முழுப் பணத்தையும் கேளுங்கள். அது சொன்ன பொருளே இல்லை.

கேள்வி: ‘அமிலமற்ற காகிதம்’ என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: எந்த நார் என்று கேளுங்கள். பருத்தி என்றால் சரி, கொடுக்கலாம். சுத்திகரிக்காத மரக்கூழ் நாளடைவில் மஞ்சளாகும். அப்புறம், சட்டம் போடும்போது பின்னால் வைக்கும் அட்டையும் அமிலமற்றதாக இருக்க வேண்டும். மலிவான அட்டையின் அமிலம் நல்ல காகிதத்தையும் பழுப்பாக்கிவிடும்.